சாமி விளக்கும் பின் கதவும்

வண்டி வந்ததும் நான் பானட்டைத் திறக்க மாட்டேன். பின் சீட்டில் ஏறி உட்காருவேன். கதவைச் சாத்துவேன். உள்ளே இருந்து திறப்பேன். அந்தப் பக்கக் கதவையும் அப்படியே பார்ப்பேன். அப்புறம்தான் பானட், பேட்டரி எல்லாம்.

ஷெட்டில் என்னிடம் வேலை பழகின நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். "அண்ணன் ஒரு சவாரி போய்ட்டு வர்றாரு, டீ சொல்லு" என்று உங்களில் ஒருத்தன் சொன்னது காதில் விழுந்தது. கோபமில்லை. நான் காரணம் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை. இப்போது நான் ஷெட்டுக்கு வருவதில்லை. எழுதித் தரச் சொன்னீர்கள். சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும்தான் போனேன். எழுத்து எனக்குச் சுருக்கமாகத்தான் வரும்.

ஒயரிங் போடுவது எப்படி என்று எழுதப் போவதில்லை. அது கை பழகினால் தானாக வரும். கை பழகியும் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு முனிரத்னத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்னச் சின்னப் புது கார்கள் ரோட்டுக்கு வர ஆரம்பித்த காலம். டாக்டர்களும் ஆபீஸர்களும் பழைய அம்பாசிடரைத் தள்ளிவிட்டுப் புதுசுக்கு மாறினார்கள். நம் பக்கத்து ஆட்கள் குவைத்துக்குக் கிளம்பியதும் அதே காலம்தான். தெருவில் ஒரு வீட்டுக்கு மாடி எழும்பினால் அந்த வீட்டு ஆள் அங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்வோம்.

முனிரத்னம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர்க்காரன். அப்பா அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் போனவர். இவன் லாரி கிளீனராகி, டிரைவராகி, சித்தூரில் வீடு பிடித்து உட்கார்ந்தான். ஒரு டாக்டர் தள்ளிவிட்ட வண்டியை வாங்கிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தான். வேலை கொடுக்க வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தான்.

"மச்சான் விசா அனுப்பிட்டான்ணா. பாஸ்போர்ட்டு ஏஜென்ட்டு கைல கீது. இந்த வண்டி நின்னு ஓடிச்சின்னா அத்தத் திருப்பி வாங்கிக்குவேன். பாப்பா இப்பதான் நைனான்னு கூப்புடுது. அத்த வுட்டுட்டு எங்க போறது?"

அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வண்டி ஓட வேண்டும். ஓடினால் ஊரில் இருப்பான். ஓடாவிட்டால் விமானம் ஏறுவான்.

சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பிரிக்கிற ஆளைப் பார்த்து நாம் சிரிப்போம். நானும் சிரித்தேன். வண்டிக்குள் கூரைத் துணி தொங்குகிறது என்று மைதா பசை காய்ச்சி ஒட்டினான். சித்தூர் வெயிலுக்கு அது ஒரு வாரம் தாங்கவில்லை. ஒரு கல்யாண சவாரியில் மாப்பிள்ளை தலை மேலேயே விழுந்தது. "முக்காடு போட்ட மாப்பிள்ளைய இப்பதான் பாக்கறோம்னு பொண்ணு வூட்டுக்காரங்க சிரிச்சாங்கணா" என்று அவனே வந்து சொன்னான். அப்புறம் நல்ல பசை வாங்கி மறுபடி ஒட்டினான். நின்றது.

சீட்டுக்குக் கவர் தைத்தது அவன் மனைவி சரளா. ரெக்சினில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. விடவில்லை அவள். கதவுகளின் உள் அட்டை ஊறிப்போய் இருந்தது. பிளைவுட் வெட்டி, அதன் மேல் ஃபோம் வைத்து, மெரூன் கலர் ரெக்சின் இழுத்து ஒட்டினான். தரைக்குப் புது கார்ப்பெட். டேஷ்போர்டுக்கு அடியிலும் ஃபோம். டேப் ரிக்கார்டர், ஃபேன் எல்லாம் அவனே மாட்டினான். ஒவ்வொன்றாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத வேலை. ஷெட்டில் இருந்த பையன்களைவிடச் சுத்தமாகச் செய்திருந்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

திருப்பதியில் ஒரு லாட்ஜ்காரர் வருஷத்துக்கு ஒரு வண்டியை அமர்த்துவார். லாட்ஜுக்கு வரும் பக்தர்களை மலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். முனிரத்னம் போய்க் கேட்டான். அவர் சொன்னாராம்: "எங்க அக்கா வருது பாபு. அக்காவ மேல கூட்டினு போய் தரிசனம் முடிச்சி எறக்கி வுடு. அக்கா சரின்னா வருஷம் பூரா உன் வண்டிதான்."

"கூட வாண்ணா" என்றான் என்னிடம். "முன் சீட்ல உக்காந்துகினு வந்தா போதும். ஒரு தைரியம்."

போனேன்.

காலையில் அவன் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. சாவி அவன் சட்டைப் பையில். டேஷ்போர்டில் பெருமாள் படம். படத்துக்கு முன்னால் ஒரு சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது.

"இதுக்கு கரண்ட் எங்கருந்து எடுத்த?"

"பேட்டரிலருந்து டைரக்டுணா. சாவிய எடுத்தா சாமி வெளக்கு அணையக் கூடாது இல்ல?"

"ஃப்யூஸ் போட்டியா?"

"சாமிக்கு எதுக்குணா ஃப்யூஸ்?"

குனிந்து பார்த்தேன். வீட்டில் சீரியல் செட்டுக்கு வருமே, அந்த மெல்லிசு ஒயர். இன்ஜின் பக்கம் இருந்து தகரத்தில் ஓட்டை போட்டு உள்ளே இழுத்திருந்தான். உள்ளே வந்த பிறகு ஃபோமுக்குப் பின்னால் போய்விட்டது. தகரத்தில் ஒயர் உரசாமல் இருக்க ஓட்டையில் ரப்பர் போட்டிருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை.

என் பையில் ஃப்யூஸ் ஹோல்டர் இருந்தது. "அஞ்சு நிமிஷம். பேட்டரிகிட்ட ஒயரக் கட் பண்ணி நடுவுல போட்டுர்றேன்" என்றேன்.

"கட் பண்ணா வெளக்கு அணையுமா?"

"அணைஞ்சிட்டு எரியும்."

அவன் முகம் மாறிவிட்டது. "இன்னிக்கி வேணாம்ணா. ஏத்துன நாள்லருந்து அணைஞ்சதில்ல. மலைக்குப் போவசொல்ல அணைச்சிட்டுப் போறதா? எறங்கி வந்ததும் நீயே போட்டுடு."

சரளா வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "வேணாண்ணா. நல்ல காரியத்துக்குப் போறீங்க" என்றாள்.

நான் சர்ச்சுக்குப் போகிற ஆள். அவர்கள் சாமி விளக்கை அணை என்று இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் சபை ஜீப்பாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன், வெட்டிப் போட்டிருப்பேன். ஃப்யூஸ் ஹோல்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

லாட்ஜ் வாசலில் நான்கு பேர் ஏறினார்கள். லாட்ஜ்காரரின் அக்கா, அந்த அக்காவின் மாமியார், இரண்டு சின்னப் பிள்ளைகள். முனிரத்னம் இறங்கி ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்துவிட்டான். மலையடிவாரத்து அலிபிரி சோதனையில் எல்லோரும் இறங்க வேண்டும். அங்கேயும் ஓடிப்போய்த் திறந்தான். மறுபடி ஏறும்போதும் அவனே சாத்தினான். அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. "மர்யாத தெலிசின டிரைவர்" என்று மாமியாரிடம் தெலுங்கில் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மேலே போய் அவர்களை இறக்கிவிட்ட பிறகுதான் பின் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். கைப்பிடி இல்லை. வழுவழுவென்று ரெக்சின் மட்டும்.

"பிளைவுட் கனமாப் பூட்ச்சிணா. கைப்பிடி உள்ள கீற கம்பிய எட்டிக் கடிக்கல. எடுத்துட்டு ஒட்டிட்டேன். ஒரு வகைல நல்லதுதான். மலைப் பாதைல பசங்க கைய வெச்சித் தொறந்துட்டா?"

"பெரியவங்க எறங்கணும்னா?"

"அதான் நான் ஓடறேனே."

சிரித்தோம். உண்மையாகவே சிரித்தோம்.

அவன் மொட்டை போட்டுக்கொள்ளப் போனான். லாட்ஜ் சவாரி கிடைத்தால் முடி தருவதாக வேண்டியிருந்தானாம். "கெடைச்சப்புறம் தானே குடுக்கணும்?" என்று கேட்டேன். "கெடைச்ச மாதிரிதாணா. அக்கா சொன்னத நீயும் கேட்ட இல்ல?" என்றான். சாவியை என் கையில் கொடுத்தான். "வண்டியப் பாத்துக்க."

நான் கோயிலுக்குப் போகவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிரில் அந்த விளக்கு எரிகிறது. பையில் ஹோல்டர். பானட்டைத் திறந்தால் அஞ்சு நிமிஷ வேலை. அவன் வருவதற்குள் அணைத்து எரிய வைத்துவிடலாம். அவனுக்கும் தெரியாது, சரளாவுக்கும் தெரியாது. அவன் சாமிக்குத் தெரியும் என்றால், அவர் என்னிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

இரண்டு தரம் இறங்கிப் பானட் மேல் கை வைத்தேன். திறக்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன ஆள் நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் அவன் சாமி விளக்கை நான் அணைப்பதா?

வண்டிக்காரன் வேண்டாம் என்ற வேலையை அவன் முதுகுக்குப் பின்னால் செய்யலாமா என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கேள்வி வரும் என்று மட்டும் தெரியும். உங்களுக்கும் வரும்.

அவன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தான். தலை சின்னதாகிவிட்டது, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான். தரிசனம் முடிந்து அவர்களும் வந்தார்கள். லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். இவன் கதவைச் சாத்தினான். கிளம்பினோம்.

இறங்கும்போது தூறல். பனி மாதிரி மேகம் ரோட்டில் இறங்கியிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியாயிற்று. வளைவுக்கு வளைவு வண்டி ஒரு குலுங்கு குலுங்கும். பாதிக்கு மேல் இறங்கியிருப்போம். வாசனை வந்தது.

பின்னால் அந்த அம்மா கேட்டது: "ஏமய்யா, ஏதோ வாசன வருது?"

"பிரேக்கும்மா. மலை எறங்கசொல்ல அப்படித்தான் வரும்" என்றான் முனிரத்னம்.

மலை இறக்கத்தில் பிரேக் வாசனை வருவது நிஜம். ஆனால் பிரேக் வாசனை மூக்கோடு போகும். ஒயர் வாசனை தொண்டையில் போய் உட்காரும். இது தொண்டையில் உட்கார்ந்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. விளக்கு மினுக் மினுக் என்றது.

அவனும் பார்த்துவிட்டான். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதடு அசையாமல் என்னிடம் சொன்னான்: "வெளக்கு ஒயருதாணா. மெதுவா இழுத்துடு. அவங்களுக்குத் தெரிய வேணாம். உன் கால்ல உழறேன்."

கையை அடியில் விட்டேன். ஃபோம் சுட்டது. பசை உருகி விரலில் ஒட்டியது. அதற்குள் எத்தனையோ ஒயர்கள் தட்டுப்படுகின்றன: ஃபேன், டேப், விளக்கு, எல்லாம் அவன் போட்டது. எது எது என்று கைக்குத் தெரியவில்லை. சாவியைத் திருப்பினாலும் நிற்காது, டைரக்ட். இன்னொரு தடவை தடவினால் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் தோன்றும். ஆனால் அந்த நேரம் எனக்கு ஒயர் ஞாபகம் இல்லை. பின் கதவுதான் ஞாபகம் வந்தது. ஃபோம் பற்றிக்கொண்டால் பின்னால் இருக்கிற நான்கு பேரும் தாங்களாக இறங்க முடியாது.

"நிறுத்து" என்றேன்.

"அண்ணா."

"நிறுத்துடா!"

கத்திவிட்டேன். பிள்ளைகள் அலறிவிட்டன. அவன் மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினான். நான் குதித்து இடது பக்கப் பின் கதவைத் திறந்தேன். அந்த அம்மா உள்ளே இருந்து இரண்டு கையாலும் ரெக்சினைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மாமியாரை இழுத்தேன். பிள்ளைகளை இழுத்தேன். லட்டுப் பை ஈர ரோட்டில் விழுந்து உருண்டது. அப்புறம் பானட்டைத் திறந்து, பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினேன். உள்ளங்கை வெந்தது. அந்தத் தழும்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எப்படி என்று கேட்டதில்லை.

அவ்வளவுதான். புகை நின்றுவிட்டது. கார்ப்பெட் ஒரு கை அகலம் கருகியிருந்தது. ஒரு ஒயர், ஒரே ஒரு ஒயர், தகர ஓட்டையில் தோல் உரிந்து பாடியில் பட்டிருந்தது. ரப்பர் இல்லை. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. முனிரத்னம் எட்டிப் பார்த்தான். கருகின இடத்தைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தான். அணைந்திருந்தது.

தேவஸ்தானத்து ஆட்கள் வந்தார்கள். பின்னால் வந்த ஒரு ஜீப்பில் அந்தக் குடும்பத்தை ஏற்றிவிட்டார்கள். ஏறும்போது அந்த அம்மா திட்டவில்லை. அவனிடம் ஒன்றுதான் கேட்டது. "உள்ளருந்து கதவு தொறக்கல. பிள்ளைங்கள உள்ள வெச்சிப் பூட்டிட்டியாப்பா?"



மதில் மேல் உட்கார்ந்தான். தூறல் சந்தனத்தைக் கரைத்துக் கழுத்தில் விட்டது. என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஒரு ஒயருணா. நீ கத்தாம இருந்திருந்தா..."

லாட்ஜ்காரர் வேறு வண்டி அமர்த்திக்கொண்டார். புது வேன். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், என் அக்காவாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். நான் அவரைப் போய்ப் பார்த்தேன். வண்டியைச் சரி பண்ணியாயிற்று, ஃப்யூஸ் போட்டாயிற்று, கைப்பிடி மாட்டியாயிற்று என்றேன். உட்கார வைத்துக் காபி கொடுத்தார். "நீங்க நல்லவரு. ஆனா எங்க அக்கா இன்னும் தூக்கத்துல கதவத் தட்டுது" என்றார். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

வண்டியை முனிரத்னம் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். பின் கதவை உள்ளே இருந்து திறந்து காட்டினேன். "இன்னும் நல்லா ஓடும்டா. வேற சவாரி பாக்கலாம்" என்றேன். அவன் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. ஏஜென்ட்டிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

கிளம்பின அன்று பாப்பா அவன் மொட்டைத் தலையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. முடி முளைக்கக்கூட இல்லை, போய்விட்டான்.

சரளா கொஞ்ச காலம் வண்டியை வைத்திருந்து தள்ளிவிட்டாள். தையல் வேலை பார்த்தாள். என்னை வழியில் பார்த்தால் "நல்லா கீறீங்களாண்ணா" என்பாள். வீட்டுக்கு வாங்க என்று சொல்ல மாட்டாள். அவள் தவறில்லை. அவனும் லீவில் வந்தபோதெல்லாம் என் ஷெட் பக்கம் வரவில்லை. பாப்பா அவனைப் பார்த்து அம்மா முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதாக வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும்.

வேலையைப் பற்றி உங்களுக்கு இதைச் சொல்கிறேன். புகை வந்தால் எந்த ஒயர் என்று தேடாதீர்கள். முதலில் ஆளை வெளியே எடுங்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாளைக்கே அந்த மலையில் அதே வளைவு வந்தாலும் அதேதான் கத்துவேன். ஆனால் சரியாகச் செய்தால் எல்லாம் சரியாகப் போகும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சரியாகச் செய்த வேலைக்கு வேறு யாராவது வருஷக்கணக்காகக் கஷ்டம் அனுபவிப்பார்கள். அவர்களுக்கு உங்களிடம் நன்றி சொல்ல வராது. எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நான் ஷெட்டை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் முனிரத்னம் வந்தான். நீங்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தீர்கள். ஒரு பழைய வண்டி வந்திருந்தது. வழக்கம் போல நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. தலை முழுக்க நரை. காலில் சர்க்கரைக்காரர்கள் போடுகிற செருப்பு. குவைத்திலிருந்து மொத்தமாக வந்துவிட்டானாம்.

அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு பேரும் முன் சீட்டைப் பார்த்து உட்கார்ந்தோம்.

"துன்னியா?" என்று கேட்டேன்.

"ஆச்சிணா."

"பாப்பா?"

"கட்டிக் குடுத்தாச்சி. என்ன 'வாங்க, போங்க'ன்னுதான் பேசுது."

முன் சீட்டின் முதுகைத் தடவிக்கொண்டே அவனே மேலே பேசினான்.

"அங்க எனக்கு இன்னா வேலைன்ற? வூட்டுக்கார அம்மா எறங்கசொல்ல ஓடிப்போய் பின் கதவத் தொறந்து வுடணும். ஏறுனா சாத்தணும். இத்தினி வருஷமும் அதான். ஒவ்வொரு தபாவும் உன்ன நெனச்சிக்குவேன்."

"திட்டினியா?"

"மொதல்ல திட்டினேன்."

டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்:

"அன்னிக்கி அந்த ஒயரு ஒண்ணுதானே?"

"ஆமா."

"இழுத்திருந்தா நின்னுருக்கும்."

"நின்னுருக்கும்."

தலையை ஆட்டினான். அவன் பக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்தான். திறந்தான். சாத்தினான். மறுபடி திறந்தான். அந்தக் காலத்தில் அவன் மாட்டாமல் விட்ட அதே மாதிரிக் கைப்பிடி.

"கதவு நல்லா கீதுணா" என்றான். இறங்கிப் போனான்.